விமானத்தை நிறுத்தினால் நோய் நின்றுவிடுமா?

வாசகர் கேள்வி, 18 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், இருமல். பஸ்ஸில்தான் ஒட்டியது என்கிறார் மனைவி. எனக்கு நம்பிக்கை இல்லை. விமானத்தில் வடிகட்டி இருப்பதால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள், ஏசி பஸ்ஸும் அப்படித்தானே? இன்னொன்று, 2020 ஜனவரியிலேயே விமானங்களை நிறுத்தியிருந்தால் கொரோனா நம் பக்கம் வந்தே இருக்காது. கணித மாதிரி என்பதெல்லாம் எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிற கதைதானே?

18 ஜனவரி, இரவு

மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வண்டிக்குள் எப்படி ஒட்டுகிறது, ஊர் விட்டு ஊர் எப்படித் தாவுகிறது, கணக்கை நம்பலாமா. கடைசியை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

2020 ஜனவரி நடுவில் வூஹானில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட நோயாளிகள் 41 பேர். ஜனவரி 17 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. சீனாவுக்கு வெளியே அதுவரை உறுதியானவர்கள் மூன்றே பேர், தாய்லாந்தில் இருவர், ஜப்பானில் ஒருவர். வூஹான் விமான நிலையத்தை நம்பியிருக்கும் மக்கள் 1.9 கோடி. அங்கிருந்து ஒரு நாளில் வெளிநாடு போகிறவர்கள் 3,301. தொற்றியதிலிருந்து கண்டுபிடிக்கப்படும் வரை 10 நாள் என்று வைத்துக்கொண்டார்கள். அந்த 10 நாளில் ஒருவர் விமானம் ஏறும் வாய்ப்பு 33,010-ஐ 1.9 கோடியால் வகுத்தால் வருவது, அதாவது 575 பேரில் ஒருவர். மூன்று பேர் வெளியே போயிருக்கிறார்கள் என்றால் உள்ளே ஏறத்தாழ 1,700 பேர் இருக்க வேண்டும்.

நான்கே எண்கள். பள்ளிக்கூடத்து விகிதக் கணக்கு. நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், எல்லாம் முடிவதற்கு வெகு முன்பே போட்டது. பிழை எல்லையையும் சேர்த்தே சொன்னார்கள்: 427 முதல் 4,471 வரை. கீழ் எல்லையே 41-ஐப் போலப் பத்து மடங்கு. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன் நான், அன்று இதைப் படித்ததும் அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன்.

19 ஜனவரி, காலை

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கேட்டவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. புகழ்பெற்ற மாதிரிகள் பல நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்தவைதான். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-ல் எழுதிய கட்டுரை நோய்ப்பரவலைக் கணக்கிடும் துறைக்கே அடித்தளம். அவர்கள் தங்கள் வளைகோட்டைப் பொருத்திக் காட்டியது 1905–06 பம்பாய் பிளேக் சாவுக் கணக்கோடு. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியில் வேலை பார்த்தவர். விமானப் பயணத்தைக் கணக்கில் கொண்டுவந்த முன்னோடிகள் ர்வாச்சேவ், லாஞ்சினி. அவர்களும் 1968 ஹாங்காங் காய்ச்சல் 52 நகரங்களில் எப்படிப் போனது என்பதை 1985-ல்தான் எழுதினார்கள்.

ஆனால் பழைய கொள்ளைநோயில் உரசிப் பார்க்காத கணக்கை அடுத்த கொள்ளைநோயில் எப்படி நம்புவது?

19 ஜனவரி, இரவு

சரி, வண்டிக்குள் போவோம்.

1977-ல் அலாஸ்காவின் ஹோமர் ஊரில் ஒரு விமானம் இயந்திரக் கோளாறால் தரையிலேயே நின்றது. அதில் ஏறியவர்கள் 54 பேர், ஒருவருக்குக் காய்ச்சல். ஏறத்தாழ மூன்று மணி நேரம் காற்றோட்டக் கருவி ஓடவில்லை. அடுத்த மூன்று நாளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். விமானத்தில் ஒட்டாது என்கிறவர்களுக்கும், விமானம் என்றாலே ஆபத்து என்கிறவர்களுக்கும் ஒரே பதில் இதில் இருக்கிறது. விமானம் என்ற பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. கருவி ஓடுகிறதா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. பறக்கும்போது அறையின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது, பாதியளவு வெளிக்காற்று, மீதி நுண்வடிகட்டி வழியாகத் திரும்புவது. வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நிற்கும்போது பல நேரம் அந்த அளவு இருப்பதில்லை.

இதை எண்ணாக்கும் சூத்திரத்துக்கு வெல்ஸ்–ரைலி என்று பெயர். வில்லியம் வெல்ஸ் 'குவாண்டம்' என்று ஓர் அளவை வைத்தார். ஒரு குவாண்டம் அளவு கிருமியை ஒவ்வொருவரும் உள்ளிழுத்தால் நூறில் 63 பேருக்கு ஒட்டும். நியூயார்க் மாநிலத்தில் ஒரு பள்ளியில் தட்டம்மை பரவியதை வைத்து 1978-ல் ரைலி குழுவினர் அதைச் சமன்பாடாக முடித்தார்கள். நோயாளி மணிக்கு எத்தனை குவாண்டம் விடுகிறார், நாம் மணிக்கு எவ்வளவு மூச்சு இழுக்கிறோம், எத்தனை மணி நேரம், இந்த மூன்றையும் பெருக்கி மணிக்கு உள்ளே வரும் சுத்தக் காற்றால் வகுக்க வேண்டும். கிடைப்பது ஒருவர் உள்ளிழுக்கும் சராசரி குவாண்டம் அளவு. மேலே மூன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான்.

20 ஜனவரி

பஸ் கணக்கு கேட்டிருக்கிறார்கள். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த நோய்க்கும் உரியவை என்று நினைக்க வேண்டாம்.

நோயாளி ஒருவர், மற்றவர்கள் 40 பேர். மணிக்கு 20 குவாண்டம். படுத்திருக்கும் ஆள் மணிக்கு அரை கன மீட்டர் மூச்சு இழுப்பார். சென்னையிலிருந்து மதுரை எட்டு மணி நேரம். ஏசி உள்காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்று மணிக்கு 200 கன மீட்டர். 20 × 0.5 × 8 = 80. 200-ஆல் வகுத்தால் 0.4. அளவு 1 என்றால் 63 சதவீதம் என்று பார்த்தோமே, அதே வளைகோட்டில் 0.4-க்கான வாய்ப்பு 33 சதவீதம், அதாவது 13 பேர்.

அதே பஸ்ஸில் ஜன்னல் திறந்து காற்று பத்து மடங்கு ஆனால் அளவு 0.04, வாய்ப்பு 4 சதவீதம், ஒன்றிரண்டு பேர். ஜன்னலை மூடியே வைத்துப் பயணம் ஒரு மணி நேரம் மட்டும் என்றால் 5 சதவீதம், இரண்டு பேர். காற்றைப் பத்து மடங்காக்குவதும் நேரத்தை எட்டில் ஒன்றாக்குவதும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வருகின்றன. கேள்வி கேட்டவரின் மனைவி சொல்வதில் பொருள் இருக்கிறது. பஸ் ஏசியில் இருப்பது தூசியைத் தடுக்கும் சல்லடை, விமானத்து நுண்வடிகட்டி போன்றதல்ல.

20 ஜனவரி, சற்று நேரம் கழித்து

200 கன மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கையில் ஒரு கரியமில வாயு மீட்டர் வைத்திருக்கிறேன். இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் திரைக்குள் வைத்துப் பார்த்தபோது பெருங்களத்தூர் தாண்டும்போது பத்து லட்சத்தில் 1,500 காட்டியது. விக்கிரவாண்டி வருவதற்குள் 3,000-ஐத் தாண்டிவிட்டது. வெளியே 420 சொச்சம். நாம் விடும் மூச்சில் இந்த வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 38,000 இருக்கும். ஆகவே மீட்டர் 4,000 காட்டினால் கூடுதலாக இருக்கும் 3,600-ஐ 38,000-ஆல் வகுத்துப் பாருங்கள், பத்தில் ஒன்றுக்குப் பக்கம் வரும். அப்படியானால் நான் இழுக்கும் பத்து மூச்சில் ஒன்று வேறு யாரோ விட்டது. 40 பேர், தலைக்கு அரை கன மீட்டர், வெளிக்காற்று 200 என்று போட்டாலும் அதே பத்தில் ஒன்றுதான். மோட்டலில் நிறுத்திக் கதவைத் திறந்ததும் எண் மளமளவென்று இறங்கியது.

ஓட்டுநரின் உதவியாளரிடம் காட்டினேன். "என்ன சார், குளிரு பத்தலையா?" என்றார். வெளிக்காற்று வரும் மடலைத் திறக்கச் சொன்னேன், ஏசி ஏறாது என்று மறுத்துவிட்டார். அவர் சொன்னதும் உண்மைதான். மே மாதத்தில் வெளிக்காற்றைக் குளிர்விக்க டீசல் செலவாகும். இது கணக்குக்கு வெளியே இருக்கும் சிக்கல், கணக்கைவிடப் பெரிய சிக்கல்.

21 ஜனவரி

ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். இந்தச் சூத்திரத்தில் காற்று முழுக்கக் கலந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோமே, பக்கத்து இருக்கைக்கும் கடைசி இருக்கைக்கும் வேறுபாடே இல்லையா?

உண்டு. ஆனால் நாம் நினைக்கிற ஒழுங்கில் இல்லை. பஸ்ஸில் முன்னால் யாராவது ஆரஞ்சு உரித்தால் வாசம் முதலில் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும், கொஞ்ச நேரத்தில் கடைசி இருக்கைக்கும் போய்விடும். தொற்றும் அப்படி இரண்டு வழியில் போகிறது. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன விமானத்தில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று கண்ட நோயாளி ஒருவர் இருந்தார். அவருக்கு முன் மூன்று வரிசைகளில் இருந்த 23 பேரில் 8 பேருக்கு ஒட்டியது. மற்ற இடங்களில் இருந்த 88 பேரில் 10 பேருக்கு ஒட்டியது. பக்கத்தில் ஆபத்து மூன்று மடங்கு, ஆனால் மொத்த எண்ணிக்கையில் தொலைவில் இருந்தவர்களே அதிகம். முன்பின் இரண்டு வரிசை மட்டும் தேடினால் போதும் என்ற விதியை நான் நம்பாமல் போனதற்கு இந்த ஒரு விமானமே காரணம்.

2020 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து ஹனோய் போன விமானம் இன்னும் கூர்மையான சான்று. பத்து மணி நேரப் பயணம். பிசினஸ் வகுப்பில் இருமிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து 15 பேருக்குப் போனது, அவர்களில் 12 பேர் அதே வகுப்பு. இத்தனைக்கும் அங்கே இருக்கைகள் நன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும்.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் சீனாவின் அதிவேக ரயில்கள். 2,334 நோயாளிகள், அருகில் பயணித்த 72,093 பேர். சராசரியாக ஒட்டியது 0.32 சதவீதம்தான். பக்கத்து இருக்கையில் 3.5 சதவீதம், அதுவும் ஒரு மணி நேரம் கூடக் கூட 1.3 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது அந்த மணிக்கணக்குதான்.

21 ஜனவரி, இரவு

நம் ஊர்த் தரவு இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, அதுவும் உலகமே எடுத்துப் படித்த தரவு. தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு மாநிலங்களின் தொடர்புத் தடமறிதல் பதிவுகளை வைத்து 2020-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை. ஏறத்தாழ 85,000 நோயாளிகள், அவர்களோடு தொடர்பில் இருந்த 5.75 லட்சம் பேர். நம் சுகாதார ஆய்வாளர்களும் கிராமச் செவிலியர்களும் வீடு வீடாக ஏறி எடுத்த பெயர்கள் அவை. அந்த உழைப்புக்கு இன்னும் போதிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

அதில் வீட்டுக்குள் ஒட்டியது ஏறத்தாழ 9 சதவீதம். ஒரே வண்டியில் ஆறு மணி நேரம் அல்லது அதற்கு மேல் நெருங்கிப் பயணித்தவர்களில் 79 சதவீதம்.

79-ஐப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த வகையில் இருந்தவர்கள் 78 பேர்தான். பிழை எல்லையும் மிக அகலம். நோயாளியும் உடன்வந்தவரும் ஒரே இடத்தில் முன்பே தொற்றி ஒன்றாக வண்டி ஏறியிருந்தால், அதுவும் பயணக் கணக்கில் விழுந்துவிடும். எண்ணைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம், ஆறு மணி நேரம் என்ற கோட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

23 ஜனவரி

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், ஊர் விட்டு ஊர்.

வரைபடத்தில் கிலோமீட்டர் அளந்தால் ஒன்றும் புரியாது. டிர்க் பிராக்மன், டிர்க் ஹெல்பிங் இருவரும் 2013-ல் ஒரு மாற்று அளவு சொன்னார்கள். ஓர் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களில் எத்தனை பங்கு பேர் உங்கள் ஊருக்கு வருகிறார்கள் என்பதை வைத்துத் தொலைவைக் கணக்கிடுவது. அதிகம் பேர் வந்தால் அருகில், குறைவாக வந்தால் தொலைவில். இந்த அளவில் வரைந்தால், தாறுமாறாகத் தெரிந்த பரவல் வட்ட வட்டமான அலையாக மாறிவிடுகிறது. புணேயின் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனத்தினர் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 446 இந்திய நகரங்களுக்கு விமானம், ரயில், சாலை மூன்றையும் சேர்த்து இப்படி ஓர் அபாய வரைபடம் போட்டிருக்கிறார்கள்.

2020 மே மாதம் இதைக் கண்ணால் பார்த்தோம். கோயம்பேடு சந்தையில் தொற்று தெரிந்ததும் மே 5 அன்று மூடினார்கள். அதற்குள் மூட்டை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. கிலோமீட்டரில் கோயம்பேட்டுக்குக் காஞ்சிபுரம் பக்கம், அரியலூர் தூரம். வேலைக்கு வந்தவர்களின் வீடு எங்கே என்று பார்த்தால் அரியலூர் பக்கத்தில் வந்துவிடும்.

24 ஜனவரி

நிறுத்தியிருந்தால் வந்தே இருக்காது என்பதற்கு.

நோய் கிளம்பிய ஊரில் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் பயணிகளை 90 சதவீதம் குறைத்துவிட்டோம். நமக்கு வரும் நோயாளிகளும் பத்தில் ஒன்றாகக் குறைவார்கள். ஆனால் அங்கே பத்து மடங்கு பெருக மூன்றேகால் இரட்டிப்பு போதும், அதாவது பத்து நாள். 90 சதவீதத் தடை வாங்கித் தந்தது பத்து நாள். 99 சதவீதம் தடுத்தால் இருபது நாள். இதில் தடுப்பின் செலவு எகிறுகிறது, கிடைக்கும் நாட்களோ ஒவ்வொரு படிக்கும் பத்து பத்தாகத்தான் கூடுகின்றன.

வூஹானை ஜனவரி 23 அன்று பூட்டியதை மாதிரியில் போட்டுப் பார்த்தவர்கள், சீனாவின் மற்றப் பகுதிகளில் பரவல் மூன்று முதல் ஐந்து நாள்தான் தாமதமானது என்றார்கள். வெளிநாடுகளுக்குப் போவது பிப்ரவரி நடுவரை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது என்றும் சொன்னார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு, சென்னையின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தினரும் அதில் உண்டு, அதே ஆண்டு போட்ட மாதிரியும் இதைத்தான் சொன்னது: விமான நிலையத்தில் அறிகுறி பார்த்துப் பிரிப்பது மட்டும் நோயை வாரக்கணக்கில் தள்ளிப்போடப் போதாது. அறிகுறி தெரிவதற்கு முன்னால் இருப்பவரை வெப்பமானி எப்படிக் காட்டும்?

கிடைக்கும் பத்து நாளில் படுக்கை, ஆக்சிஜன், பரிசோதனைக் கருவி தயார் செய்தால் அந்தத் தடைக்கு மதிப்பு உண்டு. சும்மா இருந்தால் பத்து நாள் கழித்து அதே நோய் வரும்.

25 ஜனவரி

நேற்றைய கணக்கை இரவில் மறுபடி யோசித்தேன். அது ஓட்டை இருக்கும் தடைக்கான கணக்கு. முழு அடைப்பு வேறு வகை, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

1918 நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து 'தலூன்' என்ற கப்பல் பசிபிக் கடலில் உள்ள மேற்குச் சமோவாவின் ஆபியா துறைக்கு வந்தது. அந்த ஆண்டு உலகமெங்கும் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் கண்டவர்களைத் தடுக்காமல் இறக்கினார்கள். சில வாரங்களில் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்துபோனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் போயர் கப்பல்களை முழுமையாகத் தடுத்துவிட்டார். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூட சாகவில்லை. நூறு சதவீதம் என்பது 99-க்கு அடுத்த எண் போலத் தெரிகிறது, கணக்கில் அது வேறு உலகம். ஆனால் சிறு தீவுக்கும், ஒரே துறைமுகத்துக்கும், உறுதியான ஆளுக்கும்தான் அது கைகூடியது. 2020 ஜனவரியில் இந்தியா எந்த நாட்டுக்குக் கதவை மூடியிருக்க வேண்டும்? வூஹானுக்கா, துபாய்க்கா, மிலானுக்கா?

26 ஜனவரி, விடுமுறை

கப்பல் என்றதும் நிறுத்த முடியவில்லை. எனக்கு இது வீட்டுக்கதையும்கூட.

கப்பலில் நோய் பிழைக்க வேண்டும் என்றால் தொற்றாதவர்கள் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். தட்டம்மை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய் அவர் உடம்பில் தடிப்பு எழும்ப ஏறத்தாழ இரண்டு வாரம். கல்கத்தாவிலிருந்து பிஜிக்குப் பாய்மரக் கப்பல் பத்து வாரம் எடுக்கும், அதாவது ஐந்து சுற்று. பெரும்பாலும் நடுக்கடலிலேயே சங்கிலி அறுந்துவிடும். நீராவிக் கப்பல் வந்து அதை ஒரு மாதமாக்கியதும் இரண்டு சுற்றிலேயே கரை வந்துவிடுகிறது, நோயும் உயிரோடு இறங்குகிறது. ஆட்கள் கூடக்கூடச் சங்கிலி நீளும், குழந்தைகள் கூடினால் இன்னும் நீளும். கிளிஃப், ஹாகெட் என்ற புவியியலாளர்கள் ஒப்பந்தக் கூலிகள் போன கப்பல்களின் பதிவுகளை வைத்து இதைக் காட்டினார்கள். 1903-லிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் பிஜிக்குக் கப்பல் போனது, நம் ஆட்கள் அதில் போனார்கள். அதற்கு முன்பே, 1875-ல், சிட்னி போய் வந்த பிஜித் தலைவர் தகோம்பாவோடு தட்டம்மை தீவில் இறங்கியது. அவரைப் பார்க்கக் கூடிய தலைவர்கள் ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பினார்கள். மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார்கள். கோயம்பேடு போல, கூடிக் கலைந்ததுதான் வழி.

என் பாட்டியின் குடும்பம் கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனது மண்டபம் முகாம் வழியாக. கப்பல் ஏறுமுன் அங்கே சில நாள் அடைத்து வைத்து, காலராவும் பெரியம்மையும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடலைக் கடக்கச் சில மணி நேரம்தான், நோய் வெளியே தெரிய நாட்கள் வேண்டும். பயணம் நோயைவிட வேகமாக இருந்ததால் பயணத்தைச் செயற்கையாக நீட்டினார்கள், அதுதான் அந்த முகாமின் கணக்கு. காலரா சில நாளில் தெரிந்துவிடும், பெரியம்மைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். ஆகவே அந்த அடைப்பு ஒன்றைப் பிடிக்கும், மற்றதைத் தவறவிடும். பாட்டிக்கு நினைவிருந்தது மருந்து நெடியும், துணிகளை வாங்கி ஆவியில் போட்டதும். செலவை மிச்சப்படுத்த முகாம் நாளைத் தோட்ட முதலாளிகளின் வசதிக்குக் குறைத்தால் யார் தலையில் விடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

27 ஜனவரி

2020-ல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் கொரோனாவோடு நின்ற டயமண்ட் பிரின்சஸ் சொகுசுக் கப்பல் பற்றி மட்டும் ஒரு வரி கேட்டிருக்கிறார்கள். 3,711 பேர், 712 பேருக்குத் தொற்று. பயணிகளை அவரவர் அறையிலேயே அடைத்ததும் பரவல் வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் தொடக்கத்திலேயே எல்லோரையும் கரையில் இறக்கிப் பிரித்திருந்தால் 76 பேரோடு நின்றிருக்கும் என்று ஒரு கணித மாதிரி சொல்கிறது. மண்டபத்தில் கரையில் அடைத்தார்கள், யோகோஹாமாவில் கப்பலிலேயே அடைத்தார்கள்.

29 ஜனவரி

அம்மாவுக்கு 74 வயது, அடுத்த மாதம் நாகர்கோவில் போக வேண்டும், எதில் அனுப்பலாம் என்று கேட்டவருக்கு. பகலில், ஜன்னல் திறக்கும் ரயில் பெட்டியில், ஜன்னல் ஓரம். ஏசி வேண்டும் என்றால் என்95 முகக்கவசம், சாப்பிடும் நேரம் தவிர. பஸ் என்றால் நிறுத்தும் இடங்களில் இறங்கி நிற்கச் சொல்லுங்கள்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. விமானக் கணக்குகள் துல்லியமாக இருக்கக் காரணம் யார் எந்த இருக்கை என்ற பட்டியல் இருப்பது. நம் முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்களுக்கு அது இல்லை, நெரிசலும் அங்கேதான் அதிகம். பெயர் கேட்க வேண்டாம். சில ரயில்களில் அந்தப் பெட்டிகளுக்கு ஆளுக்கணக்கும் கரியமில வாயு மீட்டரும் வைத்து, ஒரு வருடத் தரவைப் பொதுவில் போட்டால் போதும். தீபாவளிக்கு எத்தனை கூடுதல் பெட்டி வேண்டும் என்று அதை வைத்தே வாதாடலாம். ரயில்வேயில் வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், பகுப்பாய்வுக்கு என் மாணவர்கள் இருக்கிறார்கள்.